கொலைகாரன் மாட்டுவான், கல்யாணம் நடக்கும்: தெரிஞ்சே ரசிச்சுப் படிக்கிறது எப்படி?

நாவல் படிக்க ஆசையா இருக்கு, ஆனா ரத்தம், வெட்டு, குத்துனு பக்கம் பக்கமா வேண்டாம், படிச்சுட்டு ராத்திரி நிம்மதியா தூங்கணும்னு கேக்குறவங்களுக்கு ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு கோஸி மிஸ்டரி, அதாவது ரத்தக்களறி இல்லாத துப்பறியும் கதை, இன்னொண்ணு ஹிஸ்டாரிக்கல் ரொமான்ஸ், அதாவது பழைய காலத்துல நடக்குற காதல் கதை. ரெண்டுலயும் முடிவு என்னனு அட்டையைப் பார்த்தாலே தெரிஞ்சுடும், இதுல குத்தவாளி மாட்டுவான், அதுல ரெண்டு பேரும் சேர்ந்துடுவாங்க. "அப்புறம் என்னத்துக்குப் படிக்கணும்"னு பாதியில மூடி வைக்கிறவங்க எக்கச்சக்கம். முடிவைத் தேடி ஓடுனா இந்த ரெண்டுமே சப்புனுதான் இருக்கும், கதை நடக்குற ஊரை முதல்ல பிடிச்சுட்டீங்கன்னா விட மாட்டீங்க. அதை எப்படிப் பிடிக்கிறதுனு வரிசையா சொல்றேன்.

ஸ்டெப் 1: புக்கை எடுங்க, ஆனா குண்டு புக்கு வேண்டாம்

முதல்ல உங்க ஊர் கிளை நூலகத்துக்குப் போங்க. இந்திய நூலகத் துறையோட தந்தைனு சொல்ற எஸ்.ஆர்.ரங்கநாதன் நம்ம சீர்காழிக்காரர்தான், 1931-லயே மன்னார்குடி பக்கத்து மேலவாசல்ல மாட்டு வண்டியில புக்கு ஏத்திக்கிட்டு கிராமம் கிராமமா போற நூலகம் ஆரம்பிச்சாங்க, அப்படிப்பட்ட ஏரியாவுல இருந்துக்கிட்டு லைப்ரரி கார்டு இல்லன்னா எப்படி. கல்கி எழுதினதெல்லாம் நாட்டுடைமை ஆயிட்டதால மதுரைத் திட்டம் தளத்துல இலவசமாவே கிடைக்குது, போன்லயே இறக்கிக்கலாம்.

இங்கிலீஷ்ல படிக்கிறவங்க ஆரம்பத்துக்கு இருநூறு, இருநூத்தைம்பது பக்கத்துக்குள்ள இருக்குற கோஸி ஒண்ணு எடுங்க. ரொமான்ஸ் எடுக்கும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை, இப்ப வர்ற நிறைய புக்குல படுக்கையறை சீன் விலாவாரியா இருக்கும், பின் அட்டையையும் நடுவுல நாலு பக்கத்தையும் புரட்டிப் பார்த்துட்டு எடுங்க, சித்திக்கு பரிசா கொடுக்கப் போறீங்கன்னா கண்டிப்பா பாருங்க. ஜார்ஜெட் ஹேயர் மாதிரி பழைய ரொமான்ஸ் எழுத்தாளர்னா பயப்பட வேண்டாம், அவங்க கதையில கிண்டல்தான் அதிகம்.

ஸ்டெப் 2: கோஸியில முதல்ல ஊர் வம்பைக் கவனிங்க

கோஸி மிஸ்டரிக்குனு சில வழக்கம் உண்டு. கொலை பெரும்பாலும் கண்ணுக்கு முன்னாடி நடக்காது, செத்தவர் அனேகமா ஊருக்கே பிடிக்காத ஆளா இருப்பார், துப்பறியறது போலீஸ் இல்ல, பேக்கரி வச்சிருக்குறவங்களோ புக்கு கடைக்காரங்களோ ரிட்டையரான டீச்சரோதான். இடம் சின்ன ஊர், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

அகதா கிறிஸ்டி எழுதின, மிஸ் மார்ப்பிள்ங்கிற பாட்டி துப்பறியிற முதல் நாவல் வந்தது 1930-ல. அந்தப் பாட்டி பூதக்கண்ணாடி தூக்கிக்கிட்டு அலையாது, பின்னல் போட்டுக்கிட்டே உக்காந்திருக்கும், "இந்த ஆள் பேசுறது எங்க ஊர்ல இன்னார் பேசுன மாதிரியே இருக்கே"னு மனுஷனை மனுஷனோட ஒப்பிட்டே கண்டுபிடிச்சுடும். காவிரி படித்துறையில ஒரு மணி நேரம் உக்காந்து யார் வீட்ல யாருக்கு எதுக்கு மனஸ்தாபம்னு கேட்டு வளர்ந்த நமக்கு இது ஒண்ணும் புது வித்தை இல்ல. அதனால ஆரம்ப அத்தியாயங்கள்ல தடயம் தேடாதீங்க, யார் யாரோட பேசுறதில்ல, யார் வீட்டு சொத்து யாருக்குப் போகுது, தேர்த் திருவிழா கமிட்டி மாதிரி அவங்க ஊர் சர்ச் கமிட்டியில யாருக்கும் யாருக்கும் தகராறு, இதைப் பாருங்க. காரணம் அங்கதான் ஒளிஞ்சிருக்கும்.

ஸ்டெப் 3: நோட்டு போடுங்க

நாப்பது பக்க நோட்டு போதும். ஒரு பக்கத்துல ஆளுங்க பேரு, பக்கத்துலயே என்ன வேலை, யாருக்கு என்ன உறவு. வெளிநாட்டுப் பேரு முதல்ல குழப்பும், அதனால நீங்களே ஒரு அடையாளம் போட்டுக்கங்க, "கோவக்கார டாக்டர்", "பூனை வச்சிருக்குற அம்மா"னு. இன்னொரு பக்கத்துல சும்மா வந்துட்டுப் போன விஷயங்களை எழுதுங்க, நின்னு போன கடிகாரம், குலைக்காத நாய், ரெண்டு தடவை ரெண்டு விதமா சொன்ன நேரம்.

ரொனால்ட் நாக்ஸ்னு ஒரு பாதிரியார் 1929-ல துப்பறியும் கதைக்கு பத்து கட்டளை எழுதினார். குத்தவாளி கதையோட ஆரம்பத்துலயே வந்திருக்கணும், துப்பறியிறவர் கண்டுபிடிச்ச தடயத்தை வாசகர்கிட்ட மறைக்கக் கூடாது, ரகசிய வழி ஒண்ணுக்கு மேல இருக்கக் கூடாது, இப்படிப் போகும். இதுல முதல் ரெண்டு உங்களுக்கு ரொம்ப உபயோகம், கடைசி அத்தியாயத்துல திடீர்னு புதுசா ஒருத்தன் வந்து குதிச்சு "நான்தான்"னா அது உங்க தப்பு இல்ல, எழுதினவர் உங்களை ஏமாத்திட்டார்னு தைரியமா சொல்லலாம். (மூணாவது கட்டளைப்படி பார்த்தா கல்கி பாவம் பொன்னியின் செல்வன் முதல் பாகத்துலயே அவுட்டு, அவர் கதையில சுரங்கப்பாதைக்கு பஞ்சமே இல்ல.)

ஸ்டெப் 4: முக்கால் புக்குல நிறுத்துங்க

கை நிக்காது, தெரியும். இருந்தாலும் நிறுத்தி, யாரு, எதுக்காகனு ரெண்டு வரி எழுதிட்டு மேல படிங்க. யாருங்கிறது தப்பா போனாலும் பரவாயில்ல, எதுக்காகங்கிறதைப் பிடிச்சுட்டீங்கன்னா நல்ல வாசகர் ஆயிட்டீங்கனு அர்த்தம்.

ஸ்டெப் 5: ரொமான்ஸ் எடுத்தா முதல்ல வருஷத்தைப் பிடிங்க

இங்கிலீஷ் ஹிஸ்டாரிக்கல் ரொமான்ஸ்ல பெரிய பங்கு ரீஜென்ஸி காலத்துல நடக்கும். மூணாம் ஜார்ஜ் ராஜாவுக்கு சித்தம் கலங்கி, அவர் மகன் ராஜப்பிரதிநிதியா ஆண்ட 1811-லிருந்து 1820 வரைக்குமான காலம். நெப்போலியன் சண்டையிலருந்து திரும்புன ஹீரோ, லண்டன் டான்ஸ் ஹால், குதிரை வண்டி, கடுதாசி.

இது ரொம்ப தூரத்து விஷயம்னு தோணுனா, அதே வருஷங்கள்ல தஞ்சாவூர்ல ரெண்டாம் சரபோஜி இருந்தார்னு ஞாபகம் வச்சுக்கங்க (1798-லிருந்து 1832 வரைக்கும்). நாட்டு நிர்வாகம் கிழக்கிந்திய கம்பெனி கைக்குப் போயிடுச்சு, அவர் ஐரோப்பிய புக்கா வாங்கி சரஸ்வதி மகால் நூலகத்துல சேர்த்துக்கிட்டிருந்தார். நெப்போலியன் தோத்ததைக் கொண்டாடி 1814-15-ல அவர் கட்டின எட்டு அடுக்கு மனோரா இன்னைக்கும் மல்லிப்பட்டினம் பக்கத்துல கடலோரமா நிக்குது. அந்த ஹீரோ எந்த சண்டையில அடிபட்டு நொண்டிக்கிட்டு வர்றானோ அந்த சண்டைக்கு பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு ஞாபகச் சின்னம் இருக்கு, இது தெரிஞ்சுட்டுப் படிச்சா கதை கொஞ்சம் பக்கத்துல வந்துடும்.

ஸ்டெப் 6: அடுத்து நிலத்தைப் பிடிங்க

இங்கதான் நம்மாளுங்க நிறைய பேர் குழம்புறாங்க. நம்மூர்ல அப்பா போனா பாகப்பிரிவினை, அஞ்சு வேலி நிலம் அண்ணன் தம்பிக்கெல்லாம் மா கணக்குல பிரிஞ்சுடும். அங்க பெரிய குடும்பங்கள்ல எஸ்டேட் அப்படியே முழுசா மூத்த பையனுக்கு, பையனே இல்லன்னா எங்கேயோ இருக்குற தூரத்து பங்காளிக்குக் கூட போயிடும், சொந்தப் பொண்ணுங்க வீட்டை விட்டுக் கிளம்பணும். ரெண்டாவது பையன் பட்டாளத்துக்கோ சர்ச்சுக்கோ போக வேண்டியதுதான். இதைப் புரிஞ்சுக்கிட்டா, அம்மாக்காரி ஏன் மாப்பிள்ளை மாப்பிள்ளைனு அலையுறா, ஹீரோயின் தனியா ஒருத்தனோட வண்டியில போனதுக்கே ஏன் ஊர் இவ்வளவு கூத்து பண்ணுதுனு எல்லாம் தானா விளங்கும்.

இன்னொண்ணு, ஜோடி ஓடிப் போனா எல்லாரும் ஏன் ஸ்காட்லாந்து எல்லையில இருக்குற கிரெட்னா கிரீனுக்கே போறாங்கனு கேக்குறீங்களா? 1753-ல வந்த சட்டப்படி இங்கிலாந்துல 21 வயசுக்குக் கீழ இருக்குறவங்க கல்யாணத்துக்கு பெத்தவங்க சம்மதம் முக்கியம், எல்லையைத் தாண்டிட்டா அந்தச் சட்டம் செல்லாது. அவ்வளவுதான்.

ஸ்டெப் 7: இப்ப நம்ம புக்குக்கு வாங்க

மன்னார்குடி பக்கத்து வடுவூர்க்காரர் துரைசாமி ஐயங்கார் அந்தக் காலத்துலயே துப்பறியும் நாவல் எழுதித் தள்ளினவர், அவரோட கும்பகோணம் வக்கீல் கதைதான் 1950-ல திகம்பர சாமியார்னு படமா வந்துச்சு. நடை பழசு, வாக்கியம் ரயில் மாதிரி நீளும், பழக நாளாகும், அதனால கொஞ்சம் பொறுத்து எடுங்க.

பொன்னியின் செல்வனை முன்னாடியே படிச்சிருந்தாலும் மறுபடி இந்த முறையில படிங்க, ஏன்னா அது ரெண்டு வகையும் சேர்ந்த கதை, காதலும் இருக்கு, சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனை யார் கொன்னாங்கங்கிற கேள்வியும் இருக்கு. நோட்டுல ரெண்டு பத்தி பிரிங்க, நிஜம், கற்பனைனு. வந்தியத்தேவர் நிஜம், குந்தவையோட கணவர்னு தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே சொல்லுது, நந்தினியும் பூங்குழலியும் கல்கியோட கற்பனை. கதையில சதிக்கூட்டத்துல வர்ற ரவிதாசனை எந்தப் பத்தியில போடுவீங்கனு நான் சொல்ல மாட்டேன், காட்டுமன்னார்கோயில் அனந்தீஸ்வரர் கோயில்ல உடையார்குடி கல்வெட்டுனு ஒண்ணு இருக்கு, ராஜராஜன் காலத்துது, கரிகாலனைக் கொன்ன துரோகிகள் யார்னு பேரோட வெட்டி வச்சிருக்காங்க. அஞ்சாம் பாகம் முடிஞ்சு, உங்க ரெண்டு வரியை எழுதின அப்புறம் மட்டும் அதைத் தேடிப் படிங்க. நேர்ல பார்க்கணும்னா கும்பகோணத்துலருந்து அணைக்கரை வழியா போகலாம், வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கு அன்னைக்கு குதிரையில வந்த வீராணம் ஏரிக்கரையும் அங்கேயேதான் இருக்கு, நோட்டை மறக்காம எடுத்துட்டுப் போங்க.