இடித்த வீட்டு உத்திரத்தில் டிக்கி: மூக்கை மூலையில் வையுங்கள்

பெரிய உருண்டைக் கண்கள், அகன்ற வாய், வயிற்றில் பதிந்த கைகள். பசிபிக் பெருங்கடலின் மார்க்கெசாஸ் தீவுகளில் கல்லிலும் மரத்திலும் வடிக்கும் டிக்கி என்ற மனித உருவச் சிலைக்கு இதுதான் சாயல். 1930-களில் கலிஃபோர்னியா மதுக்கூடங்களில் தொடங்கிப் பரவிய அலங்கார டிக்கி அதற்குத் தூரத்துச் சொந்தம். இங்கே செய்யப்போவது அந்த அலங்கார வகை.

மரம்: அமெரிக்க மேற்குக் கரையில் பழைய வீடுகளை இடிக்கும்போது டக்ளஸ் ஃபர் என்ற ஊசியிலை மரத் தூண்கள் நிறையக் கிடைக்கும். 6×6 என்று பெயர், இழைத்தபின் உண்மை அளவு ஐந்தரை அங்குலம். 3 அடித் துண்டு போதும். பச்சை நிறம் கலந்த மரம் வேண்டாம். ஆர்சனிக் சேர்ந்த மருந்து ஏற்றியதாக இருக்கலாம். அந்த மருந்து 2003 முடிவில்தான் வீட்டு உபயோகத்திலிருந்து விலகியது. தார் நாற்றமடிக்கும் ரயில்வே கட்டையும் வேண்டாம். 1978-க்கு முந்தைய பெயின்ட் இருந்தால் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே ஆணி மறைந்திருக்கிறதா என்று பார்க்க, வலுவான காந்தத்தைக் கட்டையின் நான்கு முகங்களிலும் (பக்கங்களிலும்) மெதுவாக நகர்த்துங்கள். ஆணியைச் சுற்றி மரம் கருநீலமாகக் கறுத்திருப்பதும் அடையாளம். தலை உடைந்த ஆணியைப் பிடுங்கப் போராடாமல், அது சிற்பத்தின் முதுகில் வரும்படி கட்டையைத் திருப்பிக்கொள்ளலாம்.

கருவிகள்: 1 அங்குல, அரை அங்குலத் தட்டை உளிகள், வாய் வளைந்த உளி ஒன்று, கொட்டாப்புளி, இழுத்து அறுக்கும் ஜப்பானிய ரம்பம். கிரைண்டர் புதியவர்களுக்குத் தேவையே இல்லை. ஒரு நொடியில் மூக்கு போய்விடும். முதல் வெட்டுகளுக்கு ஒரு பழைய உளியை ஒதுக்குங்கள். மிஞ்சிய ஆணியில் நல்ல உளி பட்டால் வாய் சிதறிவிடும்.

இனி முக்கியமான சங்கதி. பலரும் கட்டையின் தட்டையான முகத்தில் மூக்கை வரைவார்கள். வேண்டாம், இரண்டு முகங்கள் சேரும் மூலையில் வரையுங்கள். மரத்தின் நடுமையத்திலிருந்து முகத்தின் நடுப்பகுதிதான் கிட்டம், வெடிப்பும் பெரும்பாலும் அங்கேதான் விடும், மூலை தப்பிக்கும். தவிர, மையத்திலிருந்து முகத்துக்கு இரண்டே முக்கால் அங்குலம், மூலைக்கு ஏறத்தாழ நான்கு. மூக்கு எழும்பி நிற்க ஓர் அங்குலத்துக்கு மேல் சும்மா கிடைக்கிறது.

மேலிருந்து அளவுகள்: 5 அங்குலத்தில் புருவக் கோடு, 11-இல் மூக்கடி, 12 முதல் 16 வரை வாய், 18-இல் தாடை. பிறகு 14 அங்குலம் உடல், 4 அங்குலம் பீடம்.

மூக்கடிக்கு, மூலை மேலே பார்க்கும்படி கட்டையை V வெட்டுள்ள இரண்டு தாங்குகட்டைகளில் வைத்து, ரம்பத்தை மட்டமாகப் பிடித்து 1 அங்குல ஆழம் அறுங்கள். செங்கோண மூலை என்பதால் வெட்டின் அகலம் தானாகவே 2 அங்குலமாகும். அதுதான் மூக்கின் அகலம்.

தடுக்கி விழும் இடம் புருவம். இங்கேயும் மட்டமாக அறுத்தால் மூலை மட்டும் அறுபட்டு மூக்குத்தண்டு போய்விடும். ஒரு முகம் மேலே வரும்படி கட்டையைத் திருப்பி, ரம்பத்தைச் சாய்த்துப் பிடியுங்கள்: மூக்குப் பக்கம் கால் அங்குலம், வெளி ஓரத்தில் 1 அங்குலம். ரம்பத்தில் டேப் ஒட்டி ஆழத்தைக் குறித்துக்கொள்ளலாம். அடுத்த முகத்துக்கும் இதே. பிறகு கன்னத்திலிருந்து புருவத்தை நோக்கி, ஆழம் கூடிக்கொண்டே போகும்படி உளியை ஓட்டுங்கள். சிராய் ரம்ப வெட்டில் வந்து முறியும். இந்த வெட்டு இல்லாமல் அடித்தால் பிளவு நார் வழியே நெற்றிவரை ஓடிவிடும். ஃபரில் மெத்தென்ற வளையமும் கடினமான வளையமும் மாறி மாறி வருவதால் மழுங்கிய உளி ஒன்றை நசுக்கும், மற்றதில் துள்ளும். கால் மணிக்கு ஒருமுறை தோல்பட்டையில் தீட்டுங்கள்.

மூக்கின் பக்கவாட்டில் உளியின் வாயை நாரோடு இணையாக வைத்து அடிக்காதீர்கள், ஆப்பு வைத்ததுபோல் பிளந்துவிடும். கன்னப் பக்கத்திலிருந்து சரிவாகச் சீவிக்கொண்டு வாருங்கள்.

உதடு: எவ்வளவு வெளியே நீட்டுகிறதோ, குறைந்தது அவ்வளவு உயரமாவது இருக்க வேண்டும். 1 அங்குலம் நீட்டிய அரை அங்குல உதடு பெயர்ந்து விழும். பெயர்ந்தால் துண்டைத் தொலைக்காதீர்கள்; மரப்பசை தடவி, டேப் சுற்றி, ஒரு ராத்திரி விடுங்கள்.

கையும் காலும் மேலோட்டமாகப் போதும்.

கடைசியில் கேஸ் டார்ச்சால் கருக்கி, நார் போக்கில் கம்பி பிரஷ் போடுங்கள். மெத்தென்ற பகுதி உதிர்ந்து வரிகள் எழும்பும். பெயின்ட் ஒட்டியிருந்தால் கருக்கவே கூடாது. மேலே ஆளிவிதை எண்ணெய் பூசலாம். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பிடிக்கும், விரித்துக் காயவையுங்கள்.

பின்சேர்க்கை: கருக்கியபின் பிசுபிசுவென்று கசிவது பிசின். ஆறியதும் சுரண்டி, தின்னர் நனைத்த துணியால் துடைத்து, தின்னர் முழுக்கக் காய்ந்த பிறகு எண்ணெய் பூசுங்கள். வெளியில் நிறுத்துவதானால் அடிமுனைக்கு இரண்டு பூச்சு கொடுத்து, தரையில் படாமல் அரை அங்குலம் தூக்கி வையுங்கள்.