கொரியப் பல்கலைக்கழக வேலை: கையெழுத்துக்கு முன் தேதிகளை எண்ணுங்கள்

கொரியப் பல்கலைக்கழகமொன்றில் ஆங்கிலம் கற்பிக்க அழைப்பு வந்ததும் கண் சம்பளத்தில்தான் போய் நிற்கும். நானும் மாதம் 26 லட்சம் வொன் என்பதைப் பார்த்த மகிழ்ச்சியில் கையெழுத்திட்டேன். ஒப்பந்தம் மார்ச் 2-இல் தொடங்கி, மறு ஆண்டு பெப்ரவரி 20-இல் முடிந்தது. ஓராண்டுக்கு ஒன்பது நாள் குறைவு. அந்த ஒன்பது நாளின் விலை ஒரு மாதச் சம்பளம் என்பது விலகும்போதுதான் தெரிந்தது. அங்கே ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்கே பணிக்கொடை உண்டு. ஆண்டுக்கு முப்பது நாள் ஊதியம். முதலில் தேதிகளை எண்ணுங்கள்.

அடுத்து விசா. பள்ளிகளிலும் ஹாக்வான் என்னும் தனியார் பயிற்சி நிலையங்களிலும் கற்பிப்போர் பெறும் ஈ-2 பொதுவாக ஏழு நாட்டவருக்கே கிடைக்கும்: அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. நான் கனடாக் கடவுச்சீட்டுடன் போனவள். பேராசிரியருக்கான ஈ-1-க்கு அந்த நாட்டு வரம்பு இல்லை. பெரும்பாலும் முதுகலைப் பட்டம் கேட்பார்கள். எந்த விசா என்பதோடு, வேலை துறையிலா மொழி மையத்திலா என்றும் கேளுங்கள். மொழி மையத்தில் வகுப்பு நேரம் கூடும், விடுமுறை சுருங்கும்.

விடுமுறைதான் இந்த வேலையின் உண்மையான ஊதியம். பருவங்கள் மார்ச் முதல் ஜூன் வரை, செப்டம்பர் முதல் டிசம்பர் வரை. இடையில் நாலைந்து மாதம் வகுப்பில்லை, சம்பளம் உண்டு. வாரத்துக்கு 12 முதல் 15 மணி நேரம் வகுப்பு என்பது வழக்கம். ஆனால் "பல்கலைக்கழகம் கோரும் பிற பணிகள்" என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். என் முதல் ஜூலையில் அந்த வரியைக் காட்டி, மூன்று வாரம் பள்ளிச் சிறுவர்களின் ஆங்கில முகாமில் நிறுத்தினார்கள். கூடுதல் ஊதியம் இல்லை. எத்தனை நாள், எவ்வளவு பணம் என்று எண்களோடு எழுதித் தரச் சொல்லுங்கள். கூடுதல் வகுப்பின் மணிநேர ஊதியத்தையும் அப்படியே. கேட்பதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்; இரண்டாவது இடத்தில் நான் கேட்டேன், திருத்தித் தந்தார்கள்.

மதிப்பெண் பற்றி எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பல இடங்களில் ஒப்பீட்டு முறைதான். என் பல்கலைக்கழகத்தில் 'ஏ' 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. தாதியியல் மாணவர் 27 பேரில் ஒன்பது பேர் 'ஏ'க்கு உரியவர்கள், இடம் எட்டு. 94 எடுத்த பெண்ணுக்கு 'பி பிளஸ்' போட்டேன். அவளுடைய உதவித்தொகை அதில் தங்கியிருந்தது. அவள் என் அறைக்கு வந்து நின்ற நாள் இன்னும் நெஞ்சில் இருக்கிறது. முதல் வகுப்பிலேயே இந்த வரம்பைச் சொல்லிவிடுங்கள். மதிப்பெண்ணை ஒரே பெரிய தேர்வில் குவிக்காமல் பத்துப் பன்னிரண்டு சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பதிவு வையுங்கள். மாணவர்கள் மதிப்பெண் திருத்தம் கோரும் வாரத்தில் அந்தப் பதிவுதான் உங்களுக்கும் மாணவருக்கும் நியாயம் செய்யும். கட்டாய ராணுவ சேவையை முடித்தவர்களுக்கான சேமப்படைப் பயிற்சிக்குப் போன மாணவனின் வருகையைக் குறைக்காதீர்கள். அது சட்டத்துக்கு முரண். பருவ முடிவில் மாணவர்களும் உங்களை மதிப்பிடுவார்கள். ஒப்பந்தப் புதுப்பிப்பு அதைப் பொறுத்தது.

அனுமதியின்றி வெளியே தனிப்பாடம் எடுக்கவே வேண்டாம். விசா போய்விடும்.

ஊரையும் யோசியுங்கள். பிறப்பு குறைந்து மாணவர் தொகை சரிவதால், செர்ரிப் பூ மலரும் வரிசையில் பல்கலைக்கழகங்கள் மூடப்படும் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. பூ முதலில் மலர்வது தெற்கில். தலைநகரிலிருந்து தொலைவிலுள்ள தனியார் நிறுவனங்களுக்கே ஆபத்து அதிகம். மாணவர் கட்டணம் 2009 முதல் பல ஆண்டுகள் ஏறக்குறைய உறைந்தே கிடந்ததால் சம்பளமும் மெதுவாகத்தான் நகர்ந்தது. தெற்கே போவதானால், கடந்த ஆண்டுகளில் எத்தனை துறைகளை மூடினார்கள் என்று நேர்முகத்திலேயே கேளுங்கள்.

விலகும்போது பணிக்கொடை 14 நாளுக்குள் வர வேண்டும். வராவிட்டால் தொழில் அமைச்சின் 1350 எண்ணை அழையுங்கள். உங்கள் பிடித்தம் தேசிய ஓய்வூதியத்தில் சேர்ந்ததா, தனியார் பள்ளி ஆசிரியர் ஓய்வூதியத்தில் சேர்ந்ததா என்று சம்பளச் சீட்டில் பாருங்கள். தேசிய ஓய்வூதியமானால் கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா நாட்டவர் கட்டியதைத் திரும்பப் பெறலாம். அந்தப் பணம் வரும்வரை கொரிய வங்கிக் கணக்கை மூடிவிடாதீர்கள்.