பிக்கப் பெட்ல கீறலும் ஒடுக்கும் விழாம பாத்துக்கறது எப்படி?

பிக்கப் வாங்குன கையோட எல்லாரும் கேக்குறது "பெட்டுக்கு எந்த லைனர் போடலாம்"னுதான். பெட்டுன்னா வண்டிக்குப் பின்னாடி சாமான் ஏத்துற தொட்டி, லைனர்னா அத மூடிக் காப்பாத்துற உறையோ பூச்சோ. எந்த லைனர்னு பாக்கறதுக்கு முன்னாடி ஒண்ண முடிவு பண்ணிக்கோங்க, நீங்க தடுக்கப் பாக்குறது கீறலையா, ஒடுக்கையா? கீறல் பெயின்ட் சமாச்சாரம், மேல கெட்டியா ஒரு கோட்டிங் இருந்தா போதும். ஒடுக்கு தகடு சமாச்சாரம், அதுக்கு கோட்டிங் பத்தாது, விழுற அடிய வாங்கிப் பரப்பி விடுற மாதிரி தடிமனா ஏதாச்சும் நடுவுல இருக்கணும். ஸ்ப்ரே கோட்டிங் பெரும்பாலும் 3 மி.மீ. தடிமன் சுத்திதான் இருக்கும், இரும்பு முனை ஒண்ணு மேல இருந்து தொப்புன்னு விழுந்தா கோட்டிங் கிழியாம அப்படியே இருக்கும், அடில தகடு மட்டும் குழிஞ்சிருக்கும். இது தெரியாமதான் நிறைய பேர் நல்லா செலவு பண்ணி அடிச்சிட்டு அப்புறம் கடுப்பாவாங்க.

1. முதல்ல பெட் எதுல செஞ்சதுன்னு பாருங்க

ஒரு காந்தத்த வச்சுப் பாருங்க. ஒட்டுனா இரும்புத் தகடு, கீறல் விழுந்து பெயின்ட் போச்சுன்னா துரு வரும். ஒட்டலன்னா அலுமினியமா இருக்கலாம், ஃபோர்டு எஃப்-150 எல்லாம் 2015 மாடல்ல இருந்து அலுமினிய பாடிதான். அலுமினியத்துல சிவப்புத் துரு வராது, ஆனா ஒடுக்கு விழாதுன்னு நினைக்காதீங்க, அது பாட்டுக்கு விழும். டொயோட்டா டகோமா மாதிரி சிலதுல பெட் உள்பக்கம் காம்போசிட் (நார் கலந்த கெட்டி பிளாஸ்டிக்), அதுல ஒடுக்கு விழாது, பலமா அடிபட்டா விரிசல் விடும். காம்போசிட் வச்சிருக்கறவங்களுக்கு பெரும்பாலும் ஒரு ரப்பர் மேட்டே போதும், கீழ படிக்கறது எல்லாம் முக்கியமா தகடு பெட் வச்சிருக்கறவங்களுக்கு.

2. கழுவி, துருவ தேடுங்க

எத போடுறதுக்கு முன்னாடியும் பெட்ட சோப்புத் தண்ணி போட்டு நல்லா கழுவுங்க. மூலைல, சக்கர மேட்டுக்குப் பின்னாடி, தளமும் முன்சுவரும் சேர்ற இடத்துலதான் மண்ணு அடைஞ்சு கிடக்கும். தண்ணி வடியுற ஓட்டைய குச்சி விட்டுக் குத்தி அடைப்பு எடுத்துடுங்க. துரு இருந்தா கம்பி பிரஷ் போட்டு பளபளன்னு தகடு தெரியுற வரைக்கும் தேய்ச்சு பிரைமர் அடிங்க. துருவ உள்ள வச்சு மேல லைனர் போட்டா அது கண்ணுக்குத் தெரியாம உள்ளயே பரவும், ஓட்டை விழுந்த அப்புறம்தான் தெரியும்.

3. எத போடுறது

ரப்பர் மேட்: புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு நான் முதல்ல சொல்றது இதத்தான். 8-10 மி.மீ. தடிமன்ல கிடைக்கும், அடிய வாங்கிக்கும், சாமான் வழுக்காது, வேணாம்னா உருட்டி எடுத்துடலாம். தளத்த மட்டும்தான் காப்பாத்தும், சுவருக்கு ஒண்ணும் பண்ணாது. நல்ல கனம் இருக்கும், ரெண்டு பேரா தூக்குங்க.

பிளாஸ்டிக் டிராப்-இன் லைனர்: பெட் முழுக்க அப்படியே உள்ள உக்கார்ற தொட்டி. தளம் சுவர் எல்லாத்தையும் மூடும், ஒடுக்கையும் நல்லாவே தடுக்கும். ஆனா லைனருக்கும் பெட்டுக்கும் நடுவுல மணலும் தண்ணியும் போய்ச் சேரும், வண்டி ஓடுறப்ப லைனர் அதிர அதிர அந்த மணல் உப்புத்தாள் மாதிரி பெயின்ட்ட அராவும், ஈரம் வேற அங்கயே நிக்கும், அப்புறம் துருவுக்கு கேக்கவா வேணும். போட்டீங்கன்னா வருஷத்துல ஒண்ணு ரெண்டு தடவயாச்சும் கழட்டிக் கழுவணும். அதோட சாமான் இதுல சறுக்கிக்கிட்டே இருக்கும். இன்னொண்ணு, பெட்ரோல் கேனை இந்த மாதிரி பிளாஸ்டிக் லைனர் மேல வச்சு நிரப்பவே கூடாது, கேன்ல சேர்ற நிலைமின்சாரம் இறங்க வழி இல்லாம பொறி பறந்து தீப்பிடிக்கலாம், கேனைக் கீழ தரைல இறக்கி வச்சுதான் நிரப்பணும்.

ஸ்ப்ரே கோட்டிங்: கடைல விட்டு அடிக்கறது. பெட்டோட ஒட்டிடும், நடுவுல ஈரம் போகாது, கீறலுக்கு இத அடிச்சுக்க ஆள் இல்ல. திரும்ப எடுக்கறது ரொம்ப கஷ்டம்.

ரோலர்ல நாமளே பூசுற கோட்டிங்: ஸ்ப்ரேவ விட மெலிசு, ஆனா வீட்லயே செய்யலாம், பழைய வண்டிக்கு நல்ல வழி.

எனக்கு சரின்னு படுறது கோட்டிங் பூசி அது மேல ரப்பர் மேட் விரிக்கறதுதான், ஒண்ணு கீறலுக்கு, ஒண்ணு ஒடுக்குக்கு.

4. ரோலர் கோட்டிங் பூசுறது

இதுல பூசுற வேலை கொஞ்சம்தான், தயார் பண்ற வேலைதான் ஜாஸ்தி. சாமான் கட்டுற கொக்கி எல்லாத்தையும் கழட்டுங்க. பெட்ட சேசிஸோட பிடிச்சிருக்குற போல்ட் தலை, தண்ணி ஓட்டை, டெயில்கேட் (பெட்டோட பின்கதவு) லாக் இதெல்லாம் டேப் போட்டு மூடிடுங்க, போல்ட் தலைல கோட்டிங் அடைஞ்சிடுச்சுன்னா பின்னாடி கழட்டுறப்ப நாக்கு தள்ளிடும்.

அடுத்து எண்ணெய்ப் பிசுக்கு, மெழுகு எல்லாம் போற மாதிரி சோப்பு போட்டுக் கழுவி காய விடுங்க. காஞ்சதும் 80-ல இருந்து 120 நம்பர் உப்புத்தாளோ நார் பேடோ வச்சு பெட் முழுக்க தேய்ங்க, பெயின்ட்ட உரிக்க வேணாம், பளபளப்பு போயி மங்கலா ஆனா போதும். எங்கயாச்சும் மினுமினுன்னு இருந்தா அந்த இடத்துலதான் முதல்ல உரிஞ்சு வரும், அதனால மூலைகள்லயும் தளத்து வரிகளோட பள்ளத்துலயும் கைய விட்டுத் தேய்ங்க. வெறும் தகடு தெரியுற இடத்துக்கு பிரைமர். தூசியத் தட்டிட்டு டப்பாவுல சொல்லியிருக்குற சால்வென்ட்ட துணில நனைச்சுத் துடைங்க, துணிய அடிக்கடி மாத்தணும், இல்லன்னா அழுக்க ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்குத்தான் தள்ளிக்கிட்டு இருப்பீங்க.

பூசுறதுக்கு முன்னாடி மூக்க கவனிங்க. ரெண்டு பாகம் கலக்குற டைப்ல ஹார்டனர்ல (இறுக வைக்கற பாகம்) பெரும்பாலும் ஐசோசயனேட்ங்கற கெமிக்கல் இருக்கும், அது மூச்சுல போனா ஆஸ்துமா வர வைக்கும், துணி மாஸ்க்கோ தூசி மாஸ்க்கோ இதுக்கு எதுவும் பண்ணாது. பெயின்ட் வேலைக்குன்னு டப்பாவுல போட்டிருக்குற கேட்ரிட்ஜ் மாஸ்க், கையுறை, கண்ணாடி, காத்தோட்டமான இடம், பக்கத்துல நெருப்பு கிடையாது. இதுல சலுகையே இல்ல.

நல்ல வெயில்ல தகடு சுடுறப்ப பூசாதீங்க, ரோலர் இழுக்கறதுக்குள்ள காஞ்சு திட்டு திட்டா நிக்கும், மழை பனி வர்ற நேரமும் வேணாம். டப்பாவ நல்லா கலக்குங்க, உள்ள ரப்பர் துகள் இருக்கும், அது அடில போய் உக்காந்துடும், நடு நடுவுல திரும்பத் திரும்ப கலக்கணும். மூலை முடுக்கெல்லாம் முதல்ல பிரஷ்ல பூசிடுங்க, அப்புறம் முன்சுவர்ல ஆரம்பிச்சு பக்கச் சுவர், கடைசியா தளத்த ரோலர்ல பூசிக்கிட்டே டெயில்கேட் பக்கமா வெளிய வந்துடுங்க, இல்லன்னா உள்ளயே மாட்டிக்கிட்டு நிப்பீங்க. ஒரே கோட்டா தடிமனா அப்பாம மெலிசா ரெண்டு கோட், ரெண்டுக்கும் நடுவுல எவ்ளோ நேரம்னு டப்பாவுல இருக்கும். கடைசி கோட் முழுசா இறுகுறதுக்கு முன்னாடி டேப்ப உரிச்சிடுங்க, காஞ்ச அப்புறம் உரிச்சா ஓரம் கிழிஞ்சு வரும். கைக்கு ஒட்டலன்னு உடனே லோடு ஏத்திடாதீங்க, உள்ள இறுக இன்னும் சில நாள் ஆகும்.

5. எல்லாரும் மறக்குற இடங்கள்

டெயில்கேட் உள்பக்கமும் பக்கச் சுவரோட மேல் விளிம்பும்தான் அதிகமா கீறல் வாங்கும், எத ஏத்துனாலும் அது வழியாத்தான் உள்ள போகுது. விளிம்புக்கு பிளாஸ்டிக் கேப் கிடைக்குது, டெயில்கேட்டுக்கு ரப்பர் மேட் துண்டு போதும். முன்சுவர்ல ஒடுக்கு விழுறது பிரேக் போடறப்ப சாமான் ஓடி வந்து முட்டுறதாலதான், அங்க ஒரு பிளைவுட் பலகைய நிறுத்தி வச்சுடுங்க.

6. ஏத்துறப்ப

என்ன லைனர் போட்டாலும் பாதி பாதுகாப்பு ஏத்துற கைலதான் இருக்கு. கூர்மையான முனை, இரும்புக் கால் உள்ள சாமான்னா அடில 12 மி.மீ. பிளைவுட் போடுங்க, ஒரே புள்ளில இறங்குற கனம் பலகை முழுக்கப் பரவிடும். கல்லு, ஜல்லி மாதிரி ஏத்தறப்ப முதல் கொஞ்சத்த மெதுவா தாழ்வா கொட்டுங்க, அது ஒரு மெத்தையா ஆகிடும், மீதி அது மேல விழும். இறக்குறப்பவும் அந்த பிளைவுட் உதவும், ஷவல் தளத்து வரில மாட்டி மாட்டி நிக்காம வழுக்கிக்கிட்டு போகும். கனமானத முன்சுவர ஒட்டி வச்சு ராட்செட் பெல்ட் போட்டு இறுக்குங்க, நகராத சாமான் கீறாது. பெல்ட்டோட இரும்புக் கொக்கி பெயின்ட்ல உரசுற இடத்துல ஒரு துணிய மடிச்சு வைங்க.

7. அப்புறம்

மேட் போட்டவங்க மாசத்துக்கு ஒரு தடவ தூக்கி அடில இருக்குற மணலக் கழுவி, தகடு காஞ்ச அப்புறம் திரும்ப விரிங்க. உப்பு, உரம் ஏத்துனா மாசம் வரைக்கும் காத்திருக்காதீங்க, அன்னிக்கே கழுவிடணும், ரெண்டுமே தகட்ட அரிக்கும். கோட்டிங்ல எங்கயாச்சும் கிழிஞ்சு தகடு தெரிஞ்சா அந்த இடத்த மட்டும் தேய்ச்சு, துடைச்சு, மிச்சம் இருக்குறத தொட்டு வைங்க. ரெண்டு பாகம் டைப்னா கலந்த மிச்சம் சீக்கிரமே டப்பாவுலயே கல்லாயிடும், அதனால முதல்லயே தேவையான அளவு மட்டும் கலந்துட்டு மீதிய தனித்தனியா மூடி வைங்க.