அமெரிக்காவில் கல்லூரி உதவித்தொகை நின்றுபோகாமல் இருக்க: எஸ்ஏபி கணக்கு

மத்திய அரசு உதவிக்கான விண்ணப்பமான ஃபாஃப்சாவை நிரப்பி, திருப்பிக் கட்ட வேண்டாத உதவியான பெல் கிராண்ட் கிடைத்துவிட்டால் நான்கு வருடத்துக்கும் கவலையில்லை என்று புதிதாக வந்த பல குடும்பங்கள் நினைக்கின்றன. ஃபாஃப்சாவை ஒவ்வொரு ஆண்டும் புதிதாக நிரப்ப வேண்டும். அதோடு, பிள்ளை எடுத்த பாடங்களைக் கல்லூரி பருவத்துக்கு ஒருமுறையோ ஆண்டுக்கு ஒருமுறையோ கணக்குப் பார்க்கும். இந்தக் கணக்குக்கு சாட்டிஸ்ஃபாக்டரி அகாடமிக் புரோகிரஸ் (திருப்திகரமான படிப்பு முன்னேற்றம்), சுருக்கமாக எஸ்ஏபி என்று பெயர். அதில் தவறினால் பெல் கிராண்ட், மத்திய அரசுக் கடன், படித்துக்கொண்டே வேலை செய்து சம்பாதிக்கும் வொர்க்-ஸ்டடி மூன்றும் ஒரேயடியாக நின்றுவிடலாம்.

குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள மாணவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். பெற்றோர் எந்த விசாவில் இருந்தாலும் பிள்ளையின் நிலைதான் கணக்கு. எச்-4 (வேலை விசாவில் உள்ளவரின் குடும்பத்துக்கான விசா), எஃப்-1 (மாணவர் விசா) மாணவர்களுக்கு மத்திய அரசு உதவி கிடையாது. எஃப்-1 மாணவர்களுக்கு வேறொரு கணக்கு உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறோம்.

முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியது நம் ஊர் அரியர் பழக்கத்தை. ஊரில் ஒரு பேப்பர் போனால் தேர்வுக் கட்டணம் கட்டி அடுத்த முறை எழுதிவிடலாம், வகுப்பில் திரும்ப உட்கார வேண்டியதில்லை. இங்கே தேர்வை மட்டும் மறுபடி எழுதும் வழி கிடையாது. பாடத்தையே முதலிலிருந்து எடுக்க வேண்டும், கட்டணமும் மறுபடி கட்ட வேண்டும். முதல் முறை, இரண்டாம் முறை இரண்டும் எஸ்ஏபி கணக்கில் ஏறும்.

மூன்று அளவுகோல்கள்

விதியின் அடிப்படை மத்திய அரசுடையது. அதற்குள் ஒவ்வொரு கல்லூரியும் தன் கொள்கையை எழுதி வைத்திருக்கும். அது அரசு விதியைவிடக் கடுமையாக இருக்கலாம், தளர்வாக இருக்க முடியாது.

முதலாவது ஜிபிஏ, அதாவது கிரேடு புள்ளிகளின் சராசரி (ஏ 4, பி 3, சி 2, டி 1, எஃப் என்ற தோல்விக்கு 0). இளநிலைப் படிப்புக்குப் பெரும்பாலான கல்லூரிகள் 2.0 கேட்கின்றன, அதாவது சராசரியாக சி கிரேடு. இரண்டாவது, எடுத்த கிரெடிட்டில் (பாடத்தின் எடையைக் காட்டும் எண்) முடித்தது எத்தனை என்ற விகிதம். இதை பேஸ் என்பார்கள், வழக்கமான எல்லை 67 சதவீதம். மூன்றாவது காலவரம்பு. பட்டத்துக்குத் தேவையான கிரெடிட்டில் ஒன்றரை மடங்குக்குள் முடிக்க வேண்டும். 120 கிரெடிட் பட்டத்துக்கு எடுக்கக்கூடிய மொத்தம் 180, இரண்டாண்டுக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜின் 60 கிரெடிட் பட்டத்துக்கு 90. 180-ஐத் தொடும் வரை காத்திருக்கவும் மாட்டார்கள். இனி எப்படிப் படித்தாலும் 180-க்குள் முடியாது என்று தெரியும் அன்றே உதவி நிற்கும்.

ஜிபிஏவை எல்லோரும் கவனிக்கிறார்கள். ஆனால் நல்ல மாணவர்களையும் வீழ்த்துவது பேஸ்தான். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

முதல் பருவத்தில் ஒரு மாணவி 15 கிரெடிட் எடுக்கிறார்: கால்குலஸ் 4, வேதியியல் 4, உயிரியல் 4, ஆங்கிலம் 3. வேதியியல் கைமீறிப் போகிறது என்று பாதியில் விலகுகிறார், டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியலில்) ‘வித்ட்ரா’ என்பதற்கான டபிள்யூ விழுகிறது. கால்குலஸில் எஃப், உயிரியலில் சி, ஆங்கிலத்தில் பி. முடித்தது 7, எடுத்தது 15, விகிதம் 46.7 சதவீதம். டபிள்யூ ஜிபிஏவில் சேராது, ஆகவே 11 கிரெடிட்டுக்கு 17 புள்ளி, ஜிபிஏ 1.55. இரண்டு அளவுகோலிலும் தவறிவிட்டார்.

அடுத்த பருவத்தில் கால்குலஸையும் வேதியியலையும் திரும்ப எடுத்து, கூடவே இரண்டு 3 கிரெடிட் பாடங்கள், மொத்தம் 14, எல்லாவற்றிலும் தேர்ச்சி பெறுகிறார். இப்போது எடுத்தது 29, முடித்தது 21, விகிதம் 72.4. பேஸ் சரியாகிவிட்டது. ஜிபிஏ சரியாகுமா என்பது கல்லூரி பழைய எஃப்பை என்ன செய்கிறது என்பதைப் பொறுத்தது. புது கிரேடு பழையதை நீக்கிவிடும் என்றால், இந்த 14 கிரெடிட்டில் சராசரி 1.79 எடுத்தாலே மொத்தம் 2.0 ஆகிவிடும். இரண்டையும் சேர்த்துத்தான் கணக்கிடுவார்கள் என்றால் 2.36 வேண்டும். கொள்கைப் பக்கத்தில் ‘ரிப்பீட்’ என்ற பகுதியைத் தேடிப் படியுங்கள், விடை அங்கே இருக்கும்.

டிராப் வேறு, வித்ட்ரா வேறு

பருவத் தொடக்கத்தில் ஒரு கெடு இருக்கும், ஆட்-டிராப் தேதி என்பார்கள். அதற்குள் விட்ட பாடம் எடுத்ததாகவே பதிவாகாது. கெடு தாண்டி விலகினால் டபிள்யூ, எஸ்ஏபி கணக்கில் எடுத்தது, ஆனால் முடிக்காதது. “டபிள்யூ வாங்கினால் ஜிபிஏ அடிபடாது” என்று நண்பர்கள் சொல்வது பாதி உண்மைதான். சில சமயம் டபிள்யூ வாங்குவதே சரியான முடிவாகவும் இருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பொத்தானை அழுத்தும் முன் ஃபைனான்ஷியல் எய்ட் அலுவலகத்தில் ஒரே கேள்வி கேட்டுவிடுங்கள்: “இந்தப் பாடத்தை விட்டால் என் பேஸ் எவ்வளவு ஆகும்?”

எல்லாப் பாடங்களையும் விட்டு விலகுவது இன்னும் ஆபத்து. பருவத்தில் 60 சதவீதம் கழிவதற்குள் (15 வாரப் பருவமென்றால் ஏறக்குறைய ஒன்பதாவது வாரம்) முழுதாக விலகினால், இருந்த நாட்களுக்கான உதவி மட்டுமே மாணவருக்குச் சொந்தம். மீதியில் தன் பங்கைக் கல்லூரி அரசுக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, அந்தத் தொகைக்கு உங்களுக்கு பில் போடும். சொல்லாமல் வகுப்புக்குப் போகாமல் நின்றுவிட்டாலும் இதே கதிதான். எல்லாப் பாடத்திலும் எஃப் விழுந்தால், அது படித்து வாங்கிய எஃப்பா, பாதியில் நின்றதால் வந்ததா என்று கல்லூரி விசாரித்தாக வேண்டும்.

பாடம் இன்னும் முடியவில்லை என்பதற்கு, இன்கம்ப்ளீட் என்று ‘ஐ’ விழுந்திருந்தால், பாடத்தை முடித்து கிரேடு ஏறிய பிறகு கணக்கைத் திரும்பப் பார்க்கும்படி நீங்களே கேளுங்கள், தானாக நடக்கும் என்று இருந்துவிடாதீர்கள். தேர்ச்சி பெற்ற பாடத்தை நல்ல கிரேடுக்காகத் திரும்ப எடுத்தால், மத்திய அரசு உதவி அதற்கு ஒரே ஒருமுறைதான் உண்டு. வேறு கல்லூரியிலிருந்து மாற்றி, ஏற்கப்பட்ட கிரெடிட் எடுத்தது, முடித்தது இரண்டிலும் சேரும். உதவி வாங்காமல் சொந்தப் பணத்தில் படித்த பருவமும் கணக்கில் வரும். பட்டத்துக்குத் தேவையில்லாத பாடத்துக்கு உதவி கிடையாது, ஆகவே ‘சும்மா ஒரு பாடம்’ சேர்த்து முழுநேரப் படிப்புக்கான 12 கிரெடிட் காட்டினால் பெல் தொகை குறையலாம்.

எஸ்ஏபி தவறியதாகக் கடிதம் வந்த பிறகு

பருவந்தோறும் பார்க்கும் கல்லூரியில் முதல்முறை தவறினால் ‘வார்னிங்’ கொடுக்கலாம். அந்த ஒரு பருவத்துக்கு உதவி தொடரும், மனு தேவையில்லை. ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கும் கல்லூரியில் வார்னிங் கிடையாது, நேராகத் தகுதி இழப்புதான். பிறகு உள்ள வழி அப்பீல், அதாவது மறுபரிசீலனை மனு. ஏற்கப்பட்டால் ‘புரோபேஷன்’: ஒரு பருவத்துக்கு உதவி கிடைக்கும். ஒரே பருவத்தில் மீள முடியாதவர்களுக்கு அகாடமிக் பிளான் போட்டுத் தருவார்கள். அதில் எழுதிய பாடங்களை எழுதியபடி முடித்துவந்தால் உதவி தொடரும்.

அப்பீலுக்கு விதி சொல்லும் காரணங்கள்: உறவினர் மரணம், மாணவரின் நோய் அல்லது காயம், வேறு சிறப்புச் சூழ்நிலை. அப்பீல் கடிதம் ஒரு பக்கம் போதும். இரண்டு கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும்: ஏன் தவறியது, இப்போது என்ன மாறியிருக்கிறது. நிராகரிக்கப்படும் கடிதங்களில் முதல் கேள்விக்கு மூன்று பத்தி இருக்கும், இரண்டாவதற்கு “இனி கடுமையாக உழைப்பேன்” என்று ஒரு வரி இருக்கும். “வாரம் 30 மணி நேரம் கடையில் வேலை செய்தேன், இப்போது 12 மணி நேரமாகக் குறைத்திருக்கிறேன், முதலாளியின் கடிதம் இணைத்துள்ளேன், செவ்வாய் வியாழன் டியூட்டரிங் சென்டரில் பதிந்திருக்கிறேன்” என்பது பதில்.

தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஊரில் தாத்தா இறந்து குடும்பம் பருவத்தின் நடுவில் போய்வந்தது என்று வைத்துக்கொள்வோம். இறப்புச் சான்றிதழில் தாத்தாவின் பெயர் இருக்கும், மாணவரின் பெயர் இருக்காது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, ஆகவே அவருக்கும் மாணவருக்கும் பெயரில் ஒட்டே இருக்காது, அலுவலகத்தில் படிப்பவருக்கு உறவு புரியாது. இந்தியக் கடவுச்சீட்டின் கடைசிப் பக்கத்தில் பெரும்பாலும் தாய் தந்தை பெயர் இருக்கும். அம்மாவின் கடவுச்சீட்டில் அந்தப் பக்கத்தின் நகலையும், அம்மாவின் பெயருள்ள மாணவரின் பிறப்புச் சான்றிதழையும் சேர்த்து, “இறந்தவர் என் தாயின் தந்தை. எங்கள் வழக்கத்தில் குடும்பப் பெயர் இல்லை” என்று ஒரு வரி எழுதுங்கள். இலங்கையிலிருந்து வந்தவர்கள் அம்மாவின் பிறப்புச் சான்றிதழை வைக்கலாம். சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும், பயணத் தேதிக்கு விமானச் சீட்டும் வேண்டும்.

அப்பீல் கெடு அடுத்த பருவக் கட்டணக் கெடுவோடு ஒட்டி வரும், தள்ளிப்போடாதீர்கள். கல்லூரியின் முடிவுக்கு மேல் மத்திய கல்வித் துறையிடம் முறையிட வழியில்லை. மறுத்துவிட்டால், சொந்தப் பணத்தில் படித்து அளவுகோலை எட்டினால் தகுதி திரும்பும். ஒரு பருவம் சும்மா வீட்டில் இருந்தால் திரும்பாது, எண்கள் மாறாதே. கம்யூனிட்டி காலேஜில் குறைந்த செலவில் எடுத்து மாற்றும் பாடம் பேஸை உயர்த்தும். ஜிபிஏவை உயர்த்துமா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள், பல கல்லூரிகளில் மாற்றிய கிரேடு ஜிபிஏவில் ஏறாது.

மாநில உதவிக்குத் தனி விதி. டெக்சஸ் கிராண்ட் தொடர 2.5 ஜிபிஏ, 75 சதவீத முடிப்பு, ஆண்டுக்கு 24 கிரெடிட் வேண்டும். ஜார்ஜியாவின் ஹோப் உதவித்தொகைக்கு 3.0, அதை 30, 60, 90 கிரெடிட் எடுத்த கட்டங்களில் பார்ப்பார்கள். எஸ்ஏபியில் தேறியவரும் இவற்றில் தவறலாம்.

பெற்றோருக்கு: எச்சரிக்கைக் கடிதம் வீட்டுக்கு வராது. பிள்ளையின் கல்லூரி மின்னஞ்சலுக்கு வரும். மாணவர் பதிவுகளின் தனியுரிமையைக் காக்கும் ஃபெர்பா சட்டப்படி, கல்லூரியில் படிக்கும் பிள்ளையின் மதிப்பெண் விவரத்தை உங்களிடம் சொல்லக் கல்லூரிக்குக் கடமையில்லை, பெரும்பாலும் பிள்ளையின் எழுத்துப்பூர்வ ஒப்புதலைக் கேட்பார்கள். முதல் பருவத்திலேயே பேசி அந்தப் படிவத்தைப் போடச் சொல்லுங்கள். திட்டு விழும் என்ற பயத்தில் பிள்ளை கடிதத்தை மறைத்தால் அப்பீல் கெடுவும் கூடவே போய்விடும்.

எஃப்-1 மாணவர்களுக்கு

உங்கள் பணம் கல்லூரியின் சொந்த உதவித்தொகையோ, கல்லூரியில் வேலை செய்து பெறும் அசிஸ்டன்ட்ஷிப்போ ஆக இருக்கும். நிபந்தனை அவார்டு கடிதத்திலேயே இருக்கும், 3.0 ஜிபிஏ கேட்பது சாதாரணம். அதைவிட அவசரமானது விசா. இளநிலையில் பருவத்துக்கு 12 கிரெடிட்டுக்குக் கீழே போக டிஎஸ்ஓவின் (மாணவர் விசா விவகாரங்களைப் பார்க்கும் கல்லூரி அதிகாரி) அனுமதி முன்கூட்டியே வேண்டும். பாடத்தை விட்ட பிறகு போய்ச் சொன்னால் நிலை ஏற்கெனவே மீறப்பட்டிருக்கும். படிப்புச் சிரமத்துக்காகத் தரும் அனுமதி ஒரு பட்டநிலைக்கு ஒரே முறை, அப்போதும் குறைந்தது 6 கிரெடிட் எடுத்தாக வேண்டும். மருத்துவக் காரணத்துக்கு மொத்தம் 12 மாதம் வரை உண்டு, மருத்துவரின் கடிதத்தோடு.