இரண்டு கம்ப்ரஷன் டிரைவர்களை ஒப்பிடுவது எப்படி?

கம்ப்ரஷன் டிரைவர் என்பது ஹார்ன் எனும் விரிந்த குழாயின் பின்னால் மாட்டும் ஒலிபெருக்கி. அதை வாங்கும்போது பலரும் பார்ப்பது பெட்டியில் போட்டிருக்கும் டெசிபல் எண்ணைத்தான். அந்த எண்ணில் ஹார்னுக்கும் பெரும் பங்கு உண்டு. குறுகலான ஹார்ன் ஒலியை ஒரு பக்கமாகக் குவிப்பதால் எண் ஏறிவிடும். அதனால் இரண்டையும் ஒரே ஹார்னில் மாட்டிப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

முதல் படி, ஜோடி சேர்ப்பது. டிரைவரில் ஒலி வெளிவரும் வாய் பெரும்பாலும் 1, 1.4 அல்லது 2 அங்குலம். ஒரே அளவுள்ளவற்றையே ஒப்பிடுங்கள். பி அண்ட் சி டிஇ250, ஜேபிஎல் 2426 இரண்டுக்கும் வாய் 1 அங்குலம், வாய்ஸ் காயில் (அதிர வைக்கும் கம்பிச்சுருள்) 44 மி.மீ. முன்னதன் டயஃப்ரம் (அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய தகடு) பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக், பின்னது டைட்டானியம். கற்றுக்கொள்ள நல்ல ஜோடி.

அடுத்து பாதுகாப்பு. 8 ஓம் டிரைவருக்குத் தொடராக 20 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டால் சுமார் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே சிக்னல் குறையத் தொடங்கும். 16 ஓம் என்றால் 10 போதும். ஆம்புக்கு முன்பே அதிர்வெண்களைப் பிரிக்கும் ஆக்டிவ் கிராஸ்ஓவர் இருந்தாலும் இதை விடாதீர்கள். ஆம்ப் ஆன் ஆகும்போது வரும் ஒரு 'டப்' டயஃப்ரத்தைக் கெடுத்துவிடலாம்.

அப்புறம் அளவீடு. ஆர்இடபிள்யூ என்ற இலவச மென்பொருளும் ஒரு அளவீட்டு மைக்கும் போதும். மைக்கை ஹார்னுக்கு நேராக 1 மீட்டரில் வைத்து, 2.83 வோல்ட்டில் ஸ்வீப் (தாழ்ந்த ஸ்தாயியிலிருந்து உச்சம் வரை ஏறும் ஒலி) ஓட்டுங்கள். இதே வோல்ட்டேஜ் 8 ஓமில் 1 வாட், 16 ஓமில் அரை வாட். எனவே 16 ஓம் டிரைவர் 3 டெசிபல் குறைவாகக் காட்டினால் அது பலவீனம் அல்ல.

இப்போதுதான் முக்கியமான வேலை. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று அளவீடு காட்டும் இரண்டின் வளைவையும் ஈக்யூ (ஈக்வலைசர்) போட்டு ஒரே மாதிரி ஆக்குங்கள். பிறகு ஒலியைக் கூட்டி டிஸ்டார்ஷனை, அதாவது ஒலிச் சிதைவைப் பாருங்கள். இரண்டாம் ஹார்மானிக் (மூல அதிர்வெண்ணின் இரு மடங்கில் கூடுதலாகச் சேரும் ஒலி) கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். ஹார்னின் தொண்டையில் அழுந்தும் காற்றே அதை உண்டாக்குகிறது. நான் கவனிப்பது மூன்றாம் ஹார்மானிக்கை, அதுவும் டிரைவர் வேலை தொடங்கும் கிராஸ்ஓவர் அதிர்வெண் பக்கத்தில். அங்கேதான் டயஃப்ரம் அதிகம் அசைகிறது. 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வளைவு கரடுமுரடாக இருந்தால் டயஃப்ரம் துண்டு துண்டாக அதிரத் தொடங்கியிருக்கலாம்.

கடைசியாகக் காது. பிங்க் நாய்ஸ் (எல்லா அதிர்வெண்களும் கலந்த இரைச்சல்) வைத்து இரண்டின் அளவையும் அரை டெசிபலுக்குள் சமன் செய்யுங்கள். இல்லாவிட்டால் சத்தமாக இருப்பதே நல்லதாகத் தோன்றும். பெண் குரலையும் ஜால்ராவையும் கேளுங்கள், மாற்றுவதை வேறொருவர் செய்யட்டும்.

இரண்டும் சமமாக வந்தால், மாற்று டயஃப்ரம் எதற்குச் சுலபமாகக் கிடைக்கிறதோ அதையே வாங்குங்கள்.