தோட்டத்தில் சுகாதாரம் பேசப் போகிறவர்கள் விடும் தவறுகள்

ரஜரட்டைப் பல்கலைக்கழகத்தில் சுகாதார மேம்பாட்டுப் பட்டம் முடித்தாலும் சரி, டிப்ளோமா ஒன்றோடு ஏதாவது திட்டத்தில் கள உத்தியோகத்தராக நுழைந்தாலும் சரி, இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதலில் விடுகிற தவறு ஒன்றுதான். சனத்துக்குத் தெரியாது, நாம் போய்ச் சொன்னால் மாறிவிடும் என்று நினைப்பது. நானும் அப்படித்தான் வந்தேன்.

ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இரத்தச்சோகை பற்றிக் கூட்டம். பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு நேரே வந்த பெண்கள், சிலர் கொங்காணியைக்கூடக் கழற்றவில்லை. சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் அதிலுள்ள துவர்ப்பு இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது, ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடியுங்கள் என்று படமெல்லாம் காட்டி முக்கால் மணி நேரம் பேசினேன். ஒரு அக்கா கேட்டார்: "சேர், ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணி இல்லாம தொண்டையில எறங்குமா? மலையில சாப்பிட எவ்வளவு நேரம் குடுக்கிறாங்கனு தெரியுமா?" மிட்வைஃப் மிஸ் இதையே கிளினிக்கில் எத்தனையோ தடவை சொல்லிவிட்டாராம்.

தெரியாமல் இல்லை, நேரம்தான் இல்லை. அப்புறம் அவர்களோடேயே உட்கார்ந்து பேசியபோதுதான் வழி வந்தது. இரும்புச்சத்து மாத்திரையை இரவு படுக்கப் போகும்போது தண்ணீரோடு போடுவது, சம்பலுக்குத் தேசிக்காய் கொஞ்சம் கூடப் பிழிவது. அவ்வளவுதான். மலைச் சாப்பாட்டுத் தேத்தண்ணியில் நாங்கள் கை வைக்கவே இல்லை.

நடத்தை மாற்றம் படித்தவர்கள் 2011 இல் வந்த 'கொம்-பி' (COM-B) மாதிரியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்: ஒருவர் பழக்கம் மாற மூன்று வேண்டும், ஆற்றல், வாய்ப்பு, உந்துதல். திட்டம் எழுத உட்கார்ந்தால் மட்டும் நடுவில் இருக்கிற வாய்ப்பு காணாமல் போய்விடும், ஏனென்றால் சுவரொட்டி அடிப்பது லேசு. லயத்தில், அதாவது தொழிலாளர் இருக்கிற வரிசை வீடுகளில், வாய்ப்பு என்றால் தண்ணீர்ப் பீலி எவ்வளவு தூரம், கக்கூஸ் ஒன்றுக்கு எத்தனை வீடு, கிளினிக்குக்குப் போனால் அன்றைக்கு முழுப்பேரா அரைப்பேரா, அதாவது முழுநாள் சம்பளமா அரைநாள் சம்பளமா என்பதுதான். அரசாங்கம் கொடுக்கிற சத்துமாவு திரிபோஷவும் இப்படித்தான். கர்ப்பிணிக்குக் கொடுத்த பக்கற்றை வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் சாப்பிட்டால் அதை அறியாமை என்று அறிக்கையில் எழுதாதீர்கள், எந்த அம்மாதான் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள்?

மொழி இன்னொரு தொல்லை. சிங்களத்திலோ இங்கிலிஷிலோ எழுதி, பிறகு தமிழாக்கி, 'போசாக்கு மட்டத்தை உயர்த்திக்கொள்க' என்று அடித்து ஒட்டுவார்கள். மலையகத்துப் பிள்ளைகளே இதை எழுதுவதுதான் எனக்கு எரிச்சல், வீட்டில் அம்மாவிடம் அப்படியா பேசுகிறீர்கள்? அச்சுக்குக் கொடுக்குமுன் நாலைந்து பேரிடம் காட்டுங்கள், ஆனால் "விளங்குதா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு எல்லாரும் விளங்குது என்பார்கள். என்ன சொல்லியிருக்கிறது என்று அவர்கள் வாயால் சொல்லச் சொல்லுங்கள்.

வெற்றிலை விஷயத்தில் பயமுறுத்துவதும் வேண்டாம். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோய் தரும் என்பது உண்மைதான், அதற்காக அழுகிய வாயின் படத்தைத் தூக்கிக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வாய் இறுகத் தொடங்கிவிட்டதா என்று அறிய, மூன்று விரலை நெட்டுக்கு வாய்க்குள் வைக்க முடிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், முடியாதவரைப் பல் டொக்டரிடம் அனுப்புங்கள்.

கடைசியாக, வந்தவர்களின் தலையை எண்ணி வெற்றி என்று எழுதுவது. என் இரத்தச்சோகைக் கூட்டத்தின் அறிக்கைக்கும் வருகைப் பதிவோடு படம் ஒன்று அனுப்பினேன். அதில் எல்லாரும் சிரிக்கிறார்கள். ஒரு கையில் நாங்கள் கொடுத்த ரோல்ஸ், மறு கையில் நாங்களே ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணி.