ஷெல்லைப் பொதியாகக் கட்டும்போது விடுகிற பிழைகள்

திங்கட்கிழமை காலை கணினி அறையைத் திறந்து சுவிட்சைப் போட்டதும் முன்வரிசையில் இருந்த பெடியன் கூப்பிட்டான்: “அண்ணை, என்ர பேரைக் காணேல்ல.” லொகின் திரையில் வழக்கமாக நாலு பெயர் இருக்கும். அன்று ஒன்றுதான், அதுவும் என்னுடையது. பரந்தனுக்குப் பக்கத்தில் பழைய கணினிகள் பன்னிரண்டை வைத்து நாங்கள் நடத்தும் அறை அது. எல்லாவற்றிலும் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம், க்னோம் திரையோடு.

கணக்குகள் அழிந்திருக்கவில்லை. பெயரைக் கையால் தட்டி பாஸ்வேர்டைக் கொடுத்தால் உள்ளே விட்டது. விஷயம் இதுதான்: பிள்ளைகளின் லொகின் ஷெல்லாக ஃபிஷ்ஷைப் போட்டிருந்தேன். அதன் புதுப் பதிப்பை நானே டெப் பொதியாக, அதாவது டெபியனில் நிறுவக்கூடிய ஒரே ஃபைலாக, கட்டியிருந்தேன். ஞாயிறு பின்னேரம் அப்கிரேட் ஓடிக்கொண்டிருக்கும்போது கறன்ட் போய்விட்டது. முதலில் மின்சாரக்காரரைத்தான் திட்டினேன். ஆனால் பிழை என் பொதியில்.

போக முன் ஒரு வார்த்தை. இந்தத் தொழிலில் “ஷெல்” என்று நாங்கள் வாய்க்கு வாய் சொல்வது கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரலை. வன்னியில் 2009-ஐக் கண்ட எவருக்கும் அந்தச் சொல்லுக்கு முதலில் வருவது வேறு பொருள். ஒருநாள் போனில் “ஷெல் விழுந்திட்டுது, திரும்ப எழுப்பு” என்று நான் சொன்னதைக் கேட்டு அம்மா குசினியில் இருந்து ஓடி வந்தா. அதன்பிறகு வீட்டில் “கொமாண்ட் திரை” என்றுதான் சொல்கிறேன். இங்கே வேறு வழியில்லை, ஷெல் என்றே எழுதுகிறேன்.

பெயர்கள் காணாமல் போன கதை

டெபியனில் இடிசி ஃபோல்டருக்குள் ‘ஷெல்ஸ்’ என்று ஒரு சின்ன ஃபைல் இருக்கிறது. எந்தெந்த ஷெல் லொகினுக்குச் செல்லுபடியாகும் என்ற பட்டியல் அது, வரிக்கு ஒரு பாதை. ஒருவர் தன் ஷெல்லை மாற்றப் போனால் கணினி இந்தப் பட்டியலைத்தான் பார்க்கும். சில எஃப்டிபி சேர்வர்களும் பார்க்கும். க்னோம் லொகின் திரைக்குப் பெயர்களைக் கொடுக்கும் அக்கவுண்ட்ஸ்சேர்விஸ் என்ற சேவையும் பார்க்கும்: பட்டியலில் இல்லாத ஷெல்லை வைத்திருப்பவரை அது மனிதராகவே கணக்கெடுக்காது, பெயரை மறைத்துவிடும்.

ஆகவே ஒரு ஷெல் பொதி தன்னை இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும், அகற்றப்படும்போது எடுத்துவிட வேண்டும். இதற்கு ஆட்-ஷெல், ரிமூவ்-ஷெல் என்று இரண்டு கட்டளைகள் உண்டு. நான் செய்தது: நிறுவி முடிந்ததும் ஓடும் போஸ்ட்இன்ஸ்ட் ஸ்கிரிப்டில் சேர்த்தேன், அகற்ற முன் ஓடும் ப்ரீஆர்எம் ஸ்கிரிப்டில் எடுத்தேன். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் ப்ரீஆர்எம் அகற்றும்போது மட்டும் ஓடுவதில்லை. அப்கிரேட்டின்போதும் பழைய பொதியின் ப்ரீஆர்எம் முதலில் ஓடும், பிறகுதான் புதிய ஃபைல்கள் இறங்கும், கடைசியில்தான் புதிய போஸ்ட்இன்ஸ்ட். இடையில் சில விநாடிகள், மெதுவான கணினியில் சில நிமிடங்கள், ஷெல் பட்டியலில் இல்லாமல் இருக்கும். எங்கள் ஊரில் அந்தச் சில நிமிடத்துக்குள் கறன்ட் போகும்.

ஸ்கிரிப்டுக்கு முதல் தரவாக வரும் சொல்லைப் பார்க்க வேண்டும். அது ‘ரிமூவ்’ என்றால் மட்டும் எடுக்க வேண்டும், ‘அப்கிரேட்’ என்றால் கையை வைக்கக் கூடாது. இந்த ஒரு சோதனை இல்லாததுதான் என் பிழை.

இன்றைக்குப் புதிதாகக் கட்டுபவர் இந்த ஸ்கிரிப்டையே எழுதத் தேவையில்லை. டெபியன் 12 காலத்தில் இருந்து டெபியன்யூட்டில்ஸ் பொதி ‘ஷெல்ஸ்.டி’ என்ற ஃபோல்டர் ஒன்றைத் தருகிறது. ஷெல்லின் பாதையை ஒரு வரியில் எழுதி அதற்குள் ஒரு ஃபைலாகப் போட்டால் போதும், மிச்சத்தை அப்டேட்-ஷெல்ஸ் என்ற கட்டளை பார்த்துக்கொள்ளும். நிர்வாகி வேண்டுமென்றே பட்டியலில் இருந்து ஒரு ஷெல்லை எடுத்திருந்தால் அதை மறக்காமல் வைத்திருக்கும். கையால் எழுதிய ஸ்கிரிப்டுகள் பெரும்பாலும் இதை மதிப்பதில்லை. ஒவ்வொரு அப்கிரேட்டிலும் திரும்பத் திரும்பச் சேர்த்துக்கொண்டே இருக்கும்.

ஒரு சமன் குறி கூடினால்

இரண்டாவது பிழையை நான் விடவில்லை. என்னோடு வேலை செய்யும் தம்பி விட்டான், நான் கவனிக்காமல் ஓம் சொன்னேன்.

டெபியனில் ‘பின்’ (bin) என்ற ஃபோல்டரில் உள்ள ‘எஸ்எச்’ என்பது பாஷ் என்ற பிரபல ஷெல் அல்ல, டாஷ் என்ற வேறொரு ஷெல். டெபியன் ஆல்ம்குவிஸ்ட் ஷெல் என்பதன் சுருக்கம். உபுண்டு 2006-இல் 6.10 பதிப்போடு இதற்கு மாறியது, டெபியன் 2011-இல் 6.0 பதிப்போடு. சிறியது, வேகமானது, பாஷுக்கே உரிய சலுகைகள் எதுவும் தெரியாதது. பொதியின் ஸ்கிரிப்டுகள் வழக்கமாக இதில்தான் ஓடும்.

தம்பி எழுதியதில், தரவு ‘கொன்ஃபிகர்’ என்ற சொல்லோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் இடத்தில் ஒற்றைச் சமன் குறிக்குப் பதில் இரட்டைச் சமன் குறி இருந்தது. பாஷில் இரண்டும் ஒன்றுதான். டாஷில் இரட்டைக் குறி பிழை. “பிழை என்றால் நின்றிருக்குமே, ஸ்கிரிப்டின் தலையில் செட்-ஈ போட்டிருந்தோமே” என்று நினைப்பீர்கள். நிற்காது. இஃப் நிபந்தனைக்குள் வரும் பிழையை அது ‘பொய்’ என்று எடுத்துக்கொள்ளும். இஃப்புக்குள் இருந்த வேலை முழுவதையும் தாண்டிப் போய், பொதி வெற்றிகரமாக நிறுவப்பட்டதாகவே சொல்லும். திரையில் ஓடுகிற ஐம்பது வரிகளுக்குள் ஒரு சின்ன எச்சரிக்கை வரும். யார் வாசிக்கிறார்கள்?

டெவ்ஸ்கிரிப்ட்ஸ் பொதியில் உள்ள செக்பாஷிஸம்ஸ் கருவி இந்த வகைப் பிழைகளை ஒரு நொடியில் காட்டித் தரும்: இரட்டைச் சமன், இரட்டைச் சதுர அடைப்பு, புள்ளிக்குப் பதில் ‘சோர்ஸ்’, எக்கோவுக்குப் பின்னால் ‘-ஈ’. கடைசியாகச் சொன்னதை டாஷ் பிழையென்று கூடச் சொல்லாது, அந்த ‘-ஈ’ யையும் சேர்த்துத் திரையில் அச்சடித்துவிடும்.

இதைவிட வேடிக்கையான பிழை ஒன்று உண்டு. தன் ஷெல்லின் மேல் உள்ள ஆசையில் சிலர் பொதியின் ஸ்கிரிப்டுகளையும் அதே ஷெல்லில் எழுதுவார்கள். அகற்றிய பின் ஓடும் போஸ்ட்ஆர்எம் ஸ்கிரிப்டின் நேரம் ஃபைல்கள் எல்லாம் ஏற்கெனவே அழிக்கப்பட்டிருக்கும். ஸ்கிரிப்டை வாசிக்க வேண்டிய ஷெல்லே அங்கே இல்லை. அகற்றவும் ஏலாமல் வைத்திருக்கவும் ஏலாமல் பொதி நடுவில் தொங்கும்.

ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் ஷெல்லை உங்கள் பொதி தொடக் கூடாது. யாருடைய ஷெல்லையும் தானாக மாற்றவும் கூடாது. பொதிக்கு ‘எசென்ஷியல்’ (அகற்றக் கூடாதது) என்ற முத்திரையைக் குத்த வேண்டாம், அது பாஷும் டாஷும் வைத்திருக்கும் முத்திரை. இதுபற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை.

ஊர்ப் பெயரைப் பதிப்பு எண்ணில் போடுவது

இது பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

டெபியனின் பொதி ஒன்றைச் சின்ன மாற்றத்தோடு திரும்பக் கட்டினால், நம்முடையது என்று தெரிய எண்ணின் கடைசியில் ஏதாவது ஒட்டுவோம். நாங்கள் பெருமையாக, கூட்டல் குறி போட்டு ‘வன்னி1’ என்று ஒட்டினோம். டெபியன் 12-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் கூட்டல் குறியோடு ‘டெப்12யூ1’ என்ற வடிவில் வரும். பதிப்பு எண்களை ஒப்பிடும்போது, பொதிகளை நிறுவும் டிபிகேஜி என்ற நிரல் எழுத்து எழுத்தாகப் பார்க்கும். ஆங்கில நெடுங்கணக்கில் டெப்பின் முதல் எழுத்து முன்னால் வரும், வன்னியின் முதல் எழுத்து பின்னால். ஆகவே எங்கள் பொதிதான் ‘புதியது’. டெபியன் அனுப்பும் பாதுகாப்புத் திருத்தம் எங்கள் கணினிகளுக்குள் வரவே வராது, ஒரு எச்சரிக்கையும் இல்லாமல்.

ஷெல்லில் இது விளையாட்டல்ல. 2014 செப்டம்பரில் பாஷில் ‘ஷெல்ஷொக்’ ஓட்டை வெளிவந்தபோது முதல் திருத்தம் போதாமல், சில நாட்களுக்குள் அடுத்தடுத்துத் திருத்தங்கள் வந்தன. அந்த வாரத்தில் ஊர்ப் பெயர் ஒட்டிய பாஷ் பொதி ஒன்று ஒரு வெப் சேர்வரில் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசியுங்கள். அலைக்குறி (~) போட்டு ஒட்டினால் எங்கள் பதிப்பு அதிகாரபூர்வப் பதிப்பைவிடக் கீழே போகும், திருத்தங்கள் வரும். ஆனால் நம் மாற்றமும் அதோடு போய்விடும். எனவே யாராவது ஒருவர் பாதுகாப்பு அறிவிப்புகளைத் தொடர்ந்து பார்த்து, திரும்பக் கட்டத்தான் வேண்டும். அதற்கு ஆள் இல்லையென்றால் டெபியன் தருவதையே பாவியுங்கள். கோபிக்க வேண்டாம், எங்கள் அறையில் இப்போது பாதிக்கு மேல் அப்படித்தான்.

அதே அலைக்குறிக்கு இன்னொரு வேலை: வெளியீட்டுக்கு முந்திய ‘ஆர்சி1’ பதிப்பை அலைக்குறி இல்லாமல் எண்ணிட்டால், பிறகு வரும் முழுப் பதிப்பு அதைவிடப் பழையதாகக் கணக்கிடப்படும்.

எங்கள் கணினியில் மட்டும் கட்ட முடிகிற பொதி

2025 பெப்ரவரியில் வந்த ஃபிஷ் 4.0-இன் மையப் பகுதி சி++ மொழியில் இருந்து ரஸ்டுக்கு மாற்றி எழுதப்பட்டது. அதைக் கட்டும்போது கார்கோ கருவி தேவையான துண்டுகளை இன்டர்நெட்டில் இருந்து இழுக்கும். டெபியனுக்குப் பொதி கட்டும்போது இன்டர்நெட்டைத் தொடக் கூடாது என்பது விதி. உங்கள் லப்டொப்பில் முன்பு ஒருமுறை இழுத்த துண்டுகள் ஹோம் ஃபோல்டரில் கிடப்பதால் எல்லாம் சரியாக ஓடும், வேறு கணினியில் விழுந்துவிடும். எஸ்-பில்ட் போன்ற கருவியால் வெறுமையான சூழலுக்குள் கட்டிப் பார்ப்பதே வழி. டேட்டா முடிந்து ரீலோட் போடக் காசில்லாத ஒரு பின்னேரத்தில்தான் எங்கள் பொதியின் இந்தக் குறையை நான் கண்டுபிடித்தேன். ஏழை இணைப்புக்கும் ஒரு பயன் உண்டு.

ஷெல்லோடு வரும் சோதனைகளில் சில உண்மையான டேர்மினல் ஒன்றை எதிர்பார்க்கும், சில எழுதக்கூடிய ஹோம் ஃபோல்டரை எதிர்பார்க்கும். கட்டும் சூழலில் இரண்டும் இல்லாமல் இருக்கலாம். உடனே சோதனைகள் முழுவதையும் அணைத்துவிடுவது சோம்பல். எது ஏன் விழுகிறது என்று பார்த்து, அதை மட்டும் விலக்குங்கள்.

விலக்கவே கூடாத சோதனைகள் பல்மொழி எழுத்துகள் பற்றியவை. கட்டும் சூழலின் மொழி அமைப்பு, ஆங்கில எழுத்துகளை மட்டும் அறிந்த வெறும் ‘சி’ ஆக இருந்தால் அவை விழும். அணைப்பதற்குப் பதில் டெபியனில் எப்போதும் இருக்கும் ‘சி.யூடிஎஃப்-8’ அமைப்பைக் கொடுத்து ஓடவிடுங்கள். நமக்கு இது ஏன் முக்கியம் என்பதற்கு ‘வவுனியா’ என்று ஒரு ஃபோல்டரை உருவாக்கிப் பாருங்கள். கண்ணுக்கு நாலு எழுத்து. யூனிகோடில் ஏழு குறிகள், ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 21 பைட். ஒரு கேள்விக்குறி ஒரு எழுத்துக்குச் சமன் என்ற ஷெல்லின் விதியை நம்பி நாலு கேள்விக்குறி போட்டால் ஃபோல்டர் கிடைக்காது. யூடிஎஃப்-8 அமைப்பில் பாஷுக்கு ஏழு வேண்டும், ‘சி’ அமைப்பில் இருபத்தொன்று.

‘கிளிநொச்சி’ இன்னும் கொஞ்சம் சிக்கல். அதில் உள்ள ‘நொ’ எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போட்டும் எழுதலாம். முதலாவது 30 பைட், இரண்டாவது 33. திரையில் இரண்டும் ஒன்றே, ஷெல்லுக்கு இரண்டு வெவ்வேறு ஃபோல்டர்கள். ஒரு பிள்ளை போனில் தட்டிய பெயரும் இன்னொரு பிள்ளை கணினியில் தட்டிய பெயரும் இப்படிப் பிரிந்து நின்றதை ஒரு மணித்தியாலம் தேடியிருக்கிறேன். இதைத் திருத்துவது பொதி கட்டுபவரின் வேலை அல்ல. ஆனால் கட்டிய ஷெல்லில் தமிழ்ப் பெயரைத் தட்டி, அழிக்கும் விசையை அமத்தி, கேர்சர் எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பது நமது வேலை. அதை நாம் பார்க்காவிட்டால் வேறு யார் பார்க்கப் போகிறார்கள்?

இப்போது எந்த ஷெல் பொதியையும் அறைக்கு அனுப்ப முன் ஒரு மெய்நிகர் கணினியில் இப்படிச் செய்கிறோம். பழைய பதிப்பை நிறுவி, ஒரு கணக்குக்கு அந்த ஷெல்லைப் போடுகிறோம். அப்கிரேட்டைத் தொடக்கி, பாதியில் மெய்நிகர் கணினியின் பவரைப் பிடுங்குகிறோம். திரும்ப எழுப்பி லொகின் திரையில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கிறோம். பிறகு டிபிகேஜிக்கு மிச்சத்தை முடிக்கச் சொல்லி, பொதியை அகற்றி, முற்றாகத் துடைத்து, புதிதாக நிறுவுகிறோம். பவர் பிடுங்குவதைத் தவிர மற்றதைப் பியூபார்ட்ஸ் என்ற கருவி தானாகவே செய்யும். பிடுங்கும் வேலையைத் தம்பி தனக்கென்று எடுத்துக்கொண்டான்.